டிடிஎஸ் எண் சொல்வதும் சொல்லாததும்: குழாய்த் தண்ணீரையும் வீட்டு வடிகட்டியையும் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

வீட்டுக்கு வரும் குழாய்த் தண்ணீர் நல்லதா, கெட்டதா என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் டிடிஎஸ் என்ற ஓர் எண்ணில், அதாவது நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் அளவில், வந்து நின்றுவிடுகிறது. "எங்கள் தண்ணீரின் டிடிஎஸ் 900, வாயில் வைக்கவே கூடாது" என்கிறார் ஒருவர். "எங்களுக்கு 150தான் காட்டுகிறது, அப்படியே குடிக்கலாம்" என்கிறார் இன்னொருவர். இந்த இரண்டு முடிவுகளுமே தவறாக இருக்க வாய்ப்புண்டு. 900 காட்டும் நீர் சுவையில் மட்டும் குறையுள்ளதாக இருக்கலாம். 150 காட்டும் நீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் நிறைந்திருக்கலாம். அந்த எண்ணுக்கு இவ்வளவு பெரிய பொறுப்பை நாம்தான் கொடுத்துவிட்டோம். அதை அடிப்படையாக வைத்துப் பெருந்தொகை செலவழித்துக் கருவி வாங்குகிறோம், அல்லது தேவையான பாதுகாப்பைத் தேடாமலே இருந்துவிடுகிறோம். ஆகவே அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை, தண்ணீரில் இருக்கக்கூடிய பொருள்கள் யாவை, எந்தக் கருவி எதை நீக்கும் என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஒரு தம்ளர் தண்ணீரில் என்னென்ன இருக்கலாம்?

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்துச் சிறிது மணலைப் போட்டுக் கலக்கினால், அது சிறிது நேரம் சுழன்றுவிட்டு அடியில் தங்கிவிடும். மணலுக்குப் பதிலாகக் களிமண்ணைப் போட்டால், அதன் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் மணிக்கணக்கில் தங்காமல் மிதந்து நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். உப்பைப் போட்டாலோ சற்று நேரத்தில் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். தண்ணீர் முன்பு இருந்த தெளிவிலேயே இருக்கும். ஆனால் ஒரு துளியை நாவில் விட்டால் உப்பு எங்கும் போய்விடவில்லை என்பது தெரிந்துவிடும். மணலும் களிமண்ணும் தண்ணீரில் மிதப்பவை. உப்பு கரைந்திருப்பது. இவற்றோடு மூன்றாவதாக உயிருள்ளவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: பாக்டீரியா, வைரஸ், ஓரணு உயிரிகள் ஆகிய நுண்ணுயிரிகள்.

இந்த மூன்று வகைக்கும் இடையே உள்ள முதன்மையான வேறுபாடு அளவுதான். நுண்ணிய பொருள்களை மைக்ரான் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். குடலில் வாழும் ஈ கோலை என்ற பாக்டீரியாவின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரான். இந்த எண்கள் மனத்தில் தங்குவதற்கு ஒரு கற்பனை உதவும். அந்தப் பாக்டீரியாவை ஒரு பேருந்தின் நீளத்துக்குப் பெரிதாக்கினால், அதே கணக்கில் ஒரு சிறிய வைரஸ் கால்பந்து அளவுக்கு வரும்; தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் துகள் ஒரு மிளகு அளவுகூட இருக்காது. பேருந்தைத் தடுக்கும் வேலி பந்தைத் தடுக்காது. பந்தைத் தடுக்கும் வலை மிளகைத் தடுக்காது. வடிகட்டிகளைப் பற்றிய பாதிச் செய்தி இந்த ஒப்பீட்டுக்குள் இருக்கிறது.

சுருக்கமாக: தண்ணீரில் மிதப்பவை, கரைந்தவை, உயிருள்ளவை என மூன்று வகைப் பொருள்கள் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் முதல் வகை மட்டுமே. வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பதைப் போலத் தெளிந்ததெல்லாம் குடிநீரும் அல்ல.

டிடிஎஸ் மீட்டர் உண்மையில் எதை அளக்கிறது?

டிடிஎஸ் என்பது ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த எடை. அதை மில்லிகிராமில் சொல்வது வழக்கம். டிடிஎஸ் 500 என்றால், ஒரு லிட்டர் நீரை முழுவதும் ஆவியாக்கிவிட்டால் பாத்திரத்தில் அரை கிராம் அளவுக்குப் படிவு எஞ்சும் என்று பொருள். ஆய்வகத்தில் இதை அப்படியே ஆவியாக்கி, எஞ்சியதை எடை போட்டுத்தான் அளப்பார்கள்.

கையடக்கமான மீட்டர் அப்படி எதையும் எடை போடுவதில்லை. அதன் நுனியில் இரண்டு சிறிய உலோக முனைகள் இருக்கும். அவற்றை நீரில் அமிழ்த்தியதும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்பதை மீட்டர் பார்க்கிறது. இதற்குக் கடத்துத்திறன் என்று பெயர். உப்பு தண்ணீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது. அந்தத் துகள்களுக்கு அயனிகள் என்று பெயர். மின்சாரத்தைச் சுமந்து செல்பவை இவைதாம். அயனிகள் கூடக்கூடக் கடத்துத்திறனும் கூடும். மீட்டர் அந்தக் கடத்துத்திறனை 0.5 முதல் 0.7 வரையிலான ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி, "டிடிஎஸ் இவ்வளவு இருக்கும்" என்று ஓர் ஊகத்தைத் திரையில் காட்டுகிறது. எந்த எண்ணால் பெருக்குவது என்பது செய்யும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், ஒரே நீரை இரண்டு மீட்டர்கள் இரண்டு விதமாகக் காட்டினால் வியப்படைய வேண்டியதில்லை.

இதை யாரும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், நானும் பார்த்தேன். இரண்டு தம்ளர்களில் ஒரே குழாயின் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பையும் மற்றதில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையையும் கரைத்தேன். உப்புத் தம்ளரில் எண் சட்டென்று பல நூறு ஏறியது. சர்க்கரைத் தம்ளரில், நாவில் வைத்தால் தித்திக்கும் அளவுக்குக் கரைந்திருந்தும், எண் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. சர்க்கரை கரையும்போது அயனிகளாகப் பிரிவதில்லை. ஆகவே மீட்டரின் கணக்கில் அது இல்லவே இல்லை. பூச்சிக்கொல்லி எச்சங்களும் எண்ணெய் வகைகளும் பெரும்பாலும் இப்படித்தான் மீட்டருக்குப் புலப்படாமல் போகும். பாக்டீரியாக்களும் வைரஸ்களும் கரைந்த பொருள்களே அல்ல. ஆயிரக்கணக்கில் இருந்தாலும் மீட்டர் அவற்றைக் காட்டாது.

அயனிகளாகவே இருக்கும் நஞ்சுகளையாவது காட்டுமா என்று கேட்கலாம். அதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஆர்சனிக் என்ற நச்சுத் தனிமத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். மீட்டர் ஒரு படி ஏற வேண்டுமானால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவுக்கு மாற்றம் வேண்டும். ஆகவே வரம்பைப்போல் ஐம்பது மடங்கு ஆர்சனிக் இருந்தாலும் திரையில் ஓர் எண்கூட அசையாது. ஈயத்துக்கும் இதே நிலைதான்.

அப்படியானால் அந்த எண் எதற்குத்தான் பயன்படும்? முதலில் சுவைக்கு. டிடிஎஸ் 600க்குக் கீழே இருக்கும் நீர் பொதுவாகச் சுவையாக இருக்கும் என்றும், 1000க்கு மேல் போகப்போகக் குடிக்க விரும்பத்தகாததாக ஆகும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதே ஆவணம் டிடிஎஸ்ஸுக்கு உடல்நலத்தை அடிப்படையாகக் கொண்ட வரம்பு எதையும் வகுக்கவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மீட்டருக்கு இன்னொரு நல்ல பயன் இருக்கிறது. அது கருவி வாங்கிய பிறகு உதவுவது என்பதால் பின்னால் சொல்கிறேன்.

பழுப்பு நிறமாக மாறும் தண்ணீர்

இந்தக் குழப்பத்தை வளர்ப்பதில் ஒரு செய்முறைக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டு தம்ளர்களில் குழாய்த் தண்ணீரும் சுத்திகரித்த தண்ணீரும் வைக்கப்படும். உலோகக் கம்பிகள் பொருத்திய ஒரு சிறு கருவியை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்துவார்கள். சில நொடிகளில் குழாய்த் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாகக் குழம்பி, பார்க்கவே அருவருப்பாக மாறும். மற்றது தெளிவாகவே இருக்கும். "நீங்கள் இத்தனை நாளாகக் குடித்த அழுக்கு இதுதான்" என்று சொல்லும்போது, பார்ப்பவர் நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்?

உண்மையில் அந்தப் பழுப்பு தண்ணீரிலிருந்து வந்ததே அல்ல, கம்பியிலிருந்து வந்தது. கம்பிகளில் ஒரு பகுதி இரும்பால் ஆனது. மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து, நீரோடு சேர்ந்து துருவைப் போன்ற சேற்றுப் படிவாகிறது. குழாய்த் தண்ணீரில் சாதாரணக் கால்சியம், சோடியம் அயனிகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, கம்பி கரைகிறது. உப்பு நீக்கிய நீரில் அயனிகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பியும் கரைவதில்லை. என் வீட்டு மேசையில் இதை ஒரு விற்பனையாளர் செய்து காட்டியபோது, தெளிவாக இருந்த அந்தத் தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் செய்யச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கம்பியைச் சுற்றிப் பழுப்புப் படலம் சுருள் சுருளாக இறங்கத் தொடங்கி, அந்தத் தம்ளரும் மற்றதைப் போலவே ஆகிவிட்டது. நாம் அன்றாடம் உண்ணும் உப்பைத் தவிர அதில் புதிதாக எதுவும் சேரவில்லை. அச்சத்தால் ஒரு குடும்பத்தை முடிவெடுக்க வைக்கும் இந்தச் செய்முறை எனக்கு மிகுந்த வருத்தம் அளிப்பது. இதன் உண்மையை அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

சுருக்கமாக: டிடிஎஸ் மீட்டரும் கம்பிச் செய்முறையும் சொல்வது ஒரே செய்திதான், தண்ணீரில் அயனிகள் கூடுதலா குறைவா என்பது. கிருமிகளைப் பற்றியோ, நுண்ணளவில் இருக்கும் நஞ்சுகளைப் பற்றியோ இரண்டும் எதுவும் சொல்வதில்லை.

கிருமிகள்: கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாதவை

குடிநீரால் வரும் கேடுகளில் முதலிடம் எப்போதும் நோய்க்கிருமிகளுக்குத்தான். வேதிப்பொருள்கள் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகே தீங்கு காட்டும். கிருமிகள் ஒரே நாளில் ஆளைச் சாய்த்துவிடும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலையின் சில வகைகள், வயிற்றுப்போக்கு ஆகியவை மனித மலம் கலந்த நீரின் வழியே பரவுகின்றன.

1854ஆம் ஆண்டில் இலண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்டே போய், பிராட் தெருவில் இருந்த ஒரு கைக்குழாயே நோயின் ஊற்று என்று கண்டறிந்தார். அவர் வற்புறுத்தியதன் பேரில் அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. இந்த வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் ஒரு சிறு செய்தி நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. அந்தத் தெருவை விட்டுத் தொலைவில் குடியேறிவிட்ட ஒரு கைம்பெண், அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால், அதை வண்டியில் தருவித்துக் குடித்துவந்தார். அவரும் காலராவில் இறந்துபோனார். நல்ல சுவையுள்ள தண்ணீர்தான் அவரைக் கொன்றது.

நீரில் எல்லாக் கிருமிகளையும் தனித்தனியாகத் தேடுவது இயலாத செயல் என்பதால், ஆய்வகங்கள் ஒன்றைக் குறியாக வைத்துக்கொள்கின்றன. முன்பு சொன்ன ஈ கோலை பாக்டீரியா மனிதர்கள், விலங்குகளின் குடலில் வாழ்வது. ஆகவே அது நீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். 100 மில்லிலிட்டர் குடிநீரில் அது ஒன்றுகூடத் தென்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

குழாய்த் தண்ணீரில் வரும் குளோரின் வாடையை ஒரு கெடுதலாகவே பலர் எண்ணுகிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமிகளைக் கொன்ற பிறகும் சிறிதளவு குளோரின் நீரில் எஞ்சியிருக்குமாறு வேண்டுமென்றே விடுகிறார்கள். நிலையத்திலிருந்து வீடு வரை பல கிலோமீட்டர் குழாயில் வரும் வழியில், ஏதாவது ஒரு விரிசலில் அழுக்கு நுழைந்தால் அதை எதிர்கொள்ள ஒரு காவல் வேண்டும் அல்லவா? அந்தக் காவலுக்கு எச்சக் குளோரின் என்று பெயர். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. ஆகவே இலேசான குளோரின் வாடை ஒரு நல்ல செய்தி. ஆனால் எல்லாக் கிருமிகளும் குளோரினுக்கு அடங்குவதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஓரணு உயிரி, கெட்டியான உறைக்குள் இருந்ததால் குளோரினைத் தாங்கிக்கொண்டு குடிநீரில் பரவி, ஏறத்தாழ 4 லட்சம் பேரை நோயில் தள்ளியது. இத்தகையவற்றை வடிகட்டித்தான் நீக்க வேண்டும், அல்லது கொதிக்கவைத்துக் கொல்ல வேண்டும்.

கரைந்திருக்கும் நஞ்சுகள்

இவற்றில் இரண்டு பாறையிலிருந்து வருபவை. நிலத்தடி நீர் பாறைகளுக்கிடையே நெடுங்காலம் தங்கியிருக்கும்போது, அந்தப் பாறையில் உள்ள ஆர்சனிக்கோ ஃபுளூரைடோ சிறிது சிறிதாக அதில் கரைந்துவிடுகிறது. ஆர்சனிக்குக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோலில் திட்டுகளும் பிறகு புற்றுநோயும் வரலாம். ஃபுளூரைடு சிறிதளவில் பல்லுக்கு நன்மை செய்வது, ஆனால் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும்போது பல்லில் கறைபடியத் தொடங்கி, மிகுதியானால் எலும்புகளையும் பாதிக்கும்.

நைட்ரேட் மனிதச் செயலால் வருவது. வயலில் இடும் உரமும் கழிவுநீர்த் தொட்டியின் கசிவும் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கின்றன. இதன் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். பெரியவர்களைவிடப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, உடல் நீலம் பாரித்துவிடும்.

ஈயம் வரும் வழி வேறு. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும்போது அது பெரும்பாலும் நீரில் இருக்காது; பழைய ஈயக் குழாய்கள், பற்றாசு வைத்த இணைப்புகள், பித்தளைக் குழாய்முனைகள் ஆகியவற்றிலிருந்து வழியில் கரைந்து சேர்கிறது. 2014இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் தன் நீராதாரத்தை மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் பொருளைச் சேர்க்காமல் விட்டதால், அதே பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. இரவு முழுவதும் குழாயில் தேங்கி நின்ற நீரில் ஈயம் கூடுதலாக இருக்கும். ஆகவே பழைய குழாய்கள் உள்ள வீடுகளில் காலையில் முதலில் வரும் நீரைக் குடிக்காமல் வேறு வேலைக்குப் பிடித்துக்கொள்வது நல்லது.

கடின நீரைப் பற்றிய அச்சத்தை இங்கே தனியாகப் பிரித்துவைக்க வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் மிகுதியாகக் கரைந்திருப்பதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும், சுடுநீர்க் கருவி விரைவில் பழுதாகும். தொல்லைதான், ஆனால் நஞ்சு அல்ல.

சுருக்கமாக: கிருமிகள் உடனடி ஆபத்து, ஆர்சனிக், ஃபுளூரைடு, நைட்ரேட், ஈயம் ஆகியவை மெல்ல வரும் ஆபத்து. இவற்றில் எதையும் கண்ணாலோ நாவாலோ மீட்டராலோ அறிய முடியாது. கடினத்தன்மையும் உவர்ப்பும் நாம் எளிதில் உணர்பவை, ஆனால் அவற்றால் வரும் கேடு குறைவு.

எந்த முறை எதை நீக்கும்?

மிகப் பழைய முறை சல்லடை. துணி, மணல், பீங்கானால் ஆன கேண்டில், நுண்குழல் சவ்வு எல்லாமே சல்லடைகள்தாம். துளையின் அளவு மட்டுமே வேறுபடுகிறது. நல்ல கேண்டிலின் துளைகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே இருப்பதால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சிக்கிக்கொள்ளும், வைரஸ்கள் தப்பிவிடும். யுஎஃப் என்று விற்கப்படும் சவ்வின் துளைகள் ஏறத்தாழ 0.01 மைக்ரான் என்பதால் வைரஸ்களிலும் பெரும்பகுதி நின்றுவிடும். கரைந்த உப்போ ஆர்சனிக்கோ இவற்றில் எதிலும் நிற்காது. பந்தைத் தடுக்கும் வலையில் மிளகு நிற்குமா?

கரி வேறு விதமாக வேலை செய்கிறது. கம்பளித் துணியில் தூசி ஒட்டிக்கொள்வதைப் போல, கரியின் பரப்பில் சில பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர். மிகுந்த வெப்பத்தில் பதப்படுத்தி, உள்ளே எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கிய கரியைக் கிளர்வூட்டிய கரி என்கிறார்கள். அதில் ஒரு கிராமின் உட்பரப்பை விரிக்க முடிந்தால் 500 சதுர மீட்டருக்கும் மேல் வரும். குளோரின், துர்நாற்றம், பூச்சிக்கொல்லிகளில் பல ஆகியவற்றை அது பிடித்துக்கொள்ளும். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட் ஆகியவற்றை விட்டுவிடும். கரி குளோரினை நீக்கியதும் நீரின் காவலும் போய்விடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கரியைக் கடந்த நீரைப் பல நாள் தேக்கி வைக்கக் கூடாது.

கொதிக்கவைப்பது கிருமிகளுக்கு எதிரான மிக நம்பகமான வழி. குமிழிகள் தளதளவென்று புரண்டு எழும் நிலையில் ஒரு நிமிடம் போதும். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் வாழ்பவர்கள், அங்கே நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால், மூன்று நிமிடம் வைக்க வேண்டும். ஆனால் கொதிக்கவைப்பதால் வேதிப்பொருள்கள் போகும் என்று எண்ணுவது ஆபத்தான தவறு. நான்கு லிட்டர் நீரைக் காய்ச்சி மூன்று லிட்டராக வற்றவைத்தால், போனது நீராவி மட்டுமே. நான்கு லிட்டரில் இருந்த நைட்ரேட் முழுவதும் மூன்று லிட்டரில் இருக்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராமாக இருந்தது ஏறத்தாழ 67 ஆகிவிடும். குழந்தைக்காக நன்றாகக் காய்ச்ச வேண்டும் என்று கூடுதல் நேரம் அடுப்பில் வைக்கும் தாய், நைட்ரேட் மிகுந்த நீராக இருந்தால், தன்னை அறியாமலே அதைச் செறிவாக்கிவிடுகிறார்.

யுவி என்பது புற ஊதாக் கதிர். ஏறத்தாழ 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிர் கிருமியின் மரபுப் பொருளைச் சிதைத்து, அது பெருகாதபடி செய்துவிடும். தண்ணீரிலிருந்து எதையும் அது வெளியேற்றுவதில்லை. கலங்கல் நீரில் கிருமிகள் துகள்களின் நிழலில் மறைந்துகொள்ளும் என்பதால், யுவிக்கு முன்னால் ஒரு நல்ல சல்லடை இருந்தே தீர வேண்டும்.

கடின நீரை மென்னீராக்குவது அயனிப் பரிமாற்றம். கால்சியத்தை வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைக் கொடுக்கும் பிசின் மணிகள் அந்தக் கருவியில் இருக்கும். குளியலுக்கும் துணி துவைக்கவும் அது உதவும். கிருமிகளைப் பொறுத்தவரை அதனால் பயனில்லை.

ஆர்ஓ: இயற்கைக்கு எதிர்த்திசையில்

உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் சில மணி நேரத்தில் ஊறிப் பருத்துவிடும். அதன் தோல் நீரை உள்ளே விடுகிறது, உள்ளிருக்கும் சர்க்கரையை அவ்வளவு எளிதில் வெளியே விடுவதில்லை. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் தானாகவே செல்லும் இந்த நிகழ்வுக்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வைக் கொண்டு 1748இலேயே பிரான்ஸில் நோலே என்ற அறிஞர் இதைக் காட்டினார். உப்பு மிகுந்த பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் வரும், உப்பு பின்தங்கிவிடும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது ஆர்ஓ. 1950களின் இறுதியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லோப், சௌரிராஜன் ஆகிய இருவரும் நடைமுறைக்கு ஏற்ற சவ்வை உருவாக்கிய பிறகே இது பயன்பாட்டுக்கு வந்தது.

நல்ல சவ்வு கரைந்த உப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீக்கிவிடும். ஃபுளூரைடு, நைட்ரேட், ஈயம் ஆகியவையும் பெருமளவு குறையும். இவ்வளவு வல்லமை உள்ள முறையை ஏன் எல்லோரும் வைத்துக்கொள்ளக் கூடாது? முதல் காரணம், கழிவு நீர். பின்தங்கிய உப்பு சவ்வின் மேல் படிந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அதைத் தொடர்ந்து நீரால் கழுவி வெளியேற்ற வேண்டும். வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டரோ அதற்கும் மேலோ வெளியேறுகிறது. டிடிஎஸ் 200 உள்ள நீருக்கு இந்தச் செலவு தேவையே இல்லை. இரண்டாவது காரணம், தேவையற்ற இடத்தில் நல்ல தாதுக்களையும் அது நீக்கிவிட்டுச் சப்பென்ற நீரைக் கொடுப்பது. உடலுக்கு வேண்டிய கால்சியத்தின் பெரும்பகுதி உணவிலிருந்தே கிடைப்பதால் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், காரணமில்லாமல் அப்படிச் செய்வானேன்? உவர்நீருக்கும், ஆய்வில் கரைந்த நஞ்சு உறுதிப்பட்ட நீருக்கும் ஆர்ஓ பொருத்தமானது என்பதே என் கருத்து.

சுருக்கமாக: கிருமிக்குக் கொதிக்கவைத்தல், யுவி, நுண்சவ்வு, வாடைக்கும் பூச்சிக்கொல்லிக்கும் கரி, கடினத்தன்மைக்கு அயனிப் பரிமாற்றம், உப்புக்கும் கரைந்த நஞ்சுக்கும் ஆர்ஓ. எல்லாவற்றையும் ஒரே கருவிக்குள் அடுக்கியிருந்தாலும் ஒவ்வொரு அடுக்கின் வேலையும் தனித்தனியானதே.

கருவி வந்த பிறகு

வடிகட்டி என்பது அழுக்கைச் சேர்த்துவைக்கும் பொருள். மாற்ற வேண்டிய நாளைத் தாண்டிய கேண்டிலும் கரியும் கிருமிகள் குடியிருந்து பெருகும் இடமாகிவிடும். யுவி விளக்கு நீல ஒளியோடு எரிந்துகொண்டிருந்தாலும் ஏறத்தாழ ஓராண்டில் கிருமியைக் கொல்லும் வலு குறைந்துவிடும். ஒளி தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. கருவியின் சேமிப்புத் தொட்டியையும் குழாய்முனையையும் கழுவ மறப்பவர்கள் மிகப் பலர்.

மீட்டருக்கு ஒரு நல்ல பயன் உண்டு என்று சொன்னது இங்கேதான். ஆர்ஓவுக்குள் போகும் நீரையும் வெளிவரும் நீரையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். உள்ளே 800, வெளியே 60 என்று இருந்தால் சவ்வு தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் உப்பை நீக்குகிறது. சில மாதங்களில் வெளியே 200 ஆகிவிட்டால் சவ்வு தளர்ந்துவிட்டது. மீட்டர் ஒரு தண்ணீரை அதே தண்ணீரோடு ஒப்பிடும்போது சொல்வதை நம்பலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

கருவிக்கு முன்னால் ஆய்வு. அருகிலுள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈ கோலை, கலங்கல், கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளூரைடு, ஆர்சனிக் ஆகியவற்றையும், பழைய குழாய்கள் உள்ள வீடாக இருந்தால் ஈயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி ஆய்வுக்கான நீரை ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில்தான் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, குளிர்ச்சியான பெட்டியில் வைத்து அன்றே ஒப்படைத்துவிட வேண்டும். ஈயத்துக்கான நீரை மட்டும் இரவெல்லாம் தேங்கி நின்ற பிறகு, காலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் நீராகப் பிடிக்க வேண்டும்.

அறிக்கை கையில் வந்த பிறகு, வரம்பைத் தாண்டியிருக்கும் வரிகளை மட்டும் கோடிட்டுக்கொண்டு, விற்பவரிடம் அந்தப் பொருளின் பெயரைச் சொல்லி, "இதை இந்தக் கருவி எவ்வளவு குறைக்கும், அதற்கான சோதனைச் சான்று எங்கே?" என்று கேளுங்கள். கருவிகளைச் சோதித்துத் தரச்சான்று வழங்கும் என்எஸ்எஃப் என்ற அமைப்பின் சான்றுகளில் 42 என்ற எண் சுவைக்கும் மணத்துக்கும், 53 உடல்நலத்தைப் பாதிக்கும் பொருள்களுக்கும், 58 ஆர்ஓ கருவிகளுக்கும் உரியவை. 42 மட்டும் பெற்ற கருவி ஈயத்தை நீக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நீராதாரம் மாறினாலோ, தெருவில் குழாய் தோண்டப்பட்டாலோ, வெள்ளம் வடிந்த பிறகோ ஆய்வை மறுபடியும் செய்ய வேண்டும். முடிவு வரும் வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.